உயிரியல் அறிவை வயலிற் சோதித்தல்

கமக்காரரின் பிள்ளைகள் இடைநிலை வகுப்புகளில் விஞ்ஞானம் கற்கின்றனர். ஆறாந் தரம் முதல் பதினொராந் தரம் வரை உயிரியல் அப்பாடத்தின் ஒரு பகுதியாகவும், உயர்தர வகுப்பில் விரும்பியோர்க்குத் தனிப் பாடமாகவும் போதிக்கப்படுகின்றது. முன்னொரு காலத்தில் தாவரவியல், விலங்கியல் என இரு பாடங்களாய் நின்றவையே இன்று உயிரியல் என ஒன்றாகியுள்ளன. வித்து முளைத்தல், ஒளித்தொகுப்பு, மகரந்தச் சேர்க்கை, பூச்சிகளின் உருமாற்றம், உணவுச் சங்கிலி என்பன யாவும் பாடப்புத்தகத்தில் உள. இவை யாவும் வீட்டுக்கு அப்பாலுள்ள வயலிலும், கிணற்றடித் தோட்டத்திலும் உள. ஆயினும் புத்தகத்திற் கண்டதையும் வயலிற் காண்பதையும் ஒன்றென அறிந்துகொள்ளும் மாணவர் மிகச் சிலரே.

இக்குறை மாணவருடையது மாத்திரமன்று, சோதிக்கும் முறையினுடையதுமாகும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞான வினாத்தாளின் முதற் பகுதி 40 வினாக்களைக் கொண்டது. ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். வினாவை வாசியாது எண்களை மட்டும் தெரிவுசெய்யும் ஒருவனுக்கும் சராசரியாகப் பத்து விடைகள் சரியாய் அமையும். இத்தகைய தாளைப் பல்லாயிரவர்க்கு ஒரே நாளில் நடத்தித் திருத்துவது இலகு என்பது உண்மையே. ஆனால் "இரைகௌவி என்பது யாது?" என்ற வினாவுக்குச் சரியான விடையைக் கீறிய மாணவன், நெற்பயிரின் அடியில் ஓடும் சிலந்தியைக் கண்டு அதுவே இரைகௌவி என அறிவானா என்பதை அத்தாளினால் அறிய முடியாது.

இதனை அறியாதிருப்பதால் விளையும் நட்டம் சிறிதன்று. பல வீடுகளில் பீடைநாசினிப் போத்தலின் விபரத்துண்டை வாசித்து, எவ்வளவு மருந்தை எவ்வளவு நீரிற் கலக்கவேண்டும் எனத் தகப்பனுக்குச் சொல்பவன் பாடசாலை செல்லும் பிள்ளையே. பயிரில் ஏதோ பூச்சி தெரிகின்றது என அவன் கூறினால், வீட்டார் அதனை நம்புவர். படித்தவன் சொல்லுகிறான் என்பதே அதற்குக் காரணம். அன்று மாலையே தெளிகருவி தோளில் ஏறும். அவன் கண்டது பயிரைக் காக்கும் பூச்சியாயின், அவ்வயலின் காவலாளி அன்றோடு அழிந்துவிடும். ஆகையால் பிள்ளையின் உயிரியல் அறிவு வயலில் எவ்வாறு நிற்கின்றது என்பதை அறிவது கமக்காரருக்கும் பயன் தருவதாகும். அதற்குரிய ஓர் எளிய முறை இங்கு விளக்கப்படுகின்றது.

பெட்டிச் சோதனை

1986 ஆம் ஆண்டில் இந்தோனேசிய அரசு நெற்செய்கையிற் பயன்பட்டுவந்த 57 பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது. தெளிக்கத் தெளிக்கக் கபிலநிறத் தத்தி பெருகியமையே அதற்குக் காரணம். மருந்தை நிறுத்துவதோடு வேலை முடியவில்லை. வயலிலுள்ள உயிர்களைக் கமக்காரர் தாமே கண்டறியவும் வேண்டியிருந்தது. 1989 இல் அந்நாட்டில் வயற்பள்ளிகள் ஆரம்பிக்கப்பட்டன. பின்னர் இலங்கை உட்பட ஆசிய நாடுகள் பலவற்றிலும் இவை நடைபெற்றன. அப்பள்ளிகளில் போகத் தொடக்கத்திலும் முடிவிலும் கமக்காரரின் அறிவைச் சோதிக்கப் பயன்பட்டதே பெட்டிச் சோதனையாகும். தேர்தலில் வாக்குப் போடுவதுபோல் விடைத்துண்டைப் பெட்டியில் இடுவதால் அப்பெயர் வந்தது. எழுத வாசிக்கத் தெரியாதவர்க்கும் அது ஏற்றதாயிருந்தது. எழுத வாசிக்க நன்கு தெரிந்து, வயலை மாத்திரம் வாசிக்கத் தெரியாத மாணவர்க்கும் அது ஏற்றதே.

செய்முறை எளிது. வரம்போரமாகப் பத்து அல்லது பன்னிரண்டு தடிகளை நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மட்டையில் ஒரு வினாவை எழுதிக் கட்டவேண்டும். வினாவின் கீழே மூன்று வெற்றுப் பெட்டிகள் இருக்கவேண்டும். பால்மாப் பெட்டிகள் இதற்குப் போதும். மருந்து வந்த பெட்டிகளையோ தகரங்களையோ ஒருபோதும் எடுக்கலாகாது. மூன்று பெட்டிகளுக்கும் மூன்று விடைகள். வினா எதைப் பற்றியதோ அப்பொருள் உயிருடன் அவ்விடத்தில் இருக்கவேண்டும். படம் வரைந்து வைப்பதனாற் பயனில்லை. படத்திற் சிலந்தி அசையாது. வயலில் அது ஓடி மறைந்துவிடும். ஓடி மறைவதை இன்னதென அறிவதே வேண்டப்படுகின்றது. செடியைக் காட்டவேண்டுமாயின் நின்ற செடியிலேயே நூலைக் கட்டி, நூலின் மறு நுனியை மட்டையோடு இணைத்துவிடலாம். பூச்சிகளைத் துளையிட்ட மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் வைக்கலாம். அவற்றை அன்று காலையிலேயே பிடிக்கவேண்டும், சோதனை முடிந்ததும் விட்டுவிடவேண்டும்.

ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அவ்விலக்கம் எழுதிய துண்டுகளை வினாக்களின் எண்ணிக்கைக்கேற்ப வழங்கவேண்டும். மாணவர் ஒருவர் பின் ஒருவராய்ச் சென்று, கண்டு, தொட்டு, தமக்குச் சரியெனப்பட்ட பெட்டியில் துண்டை இடுவர். ஒருவர் இட்டதை மற்றவர் காணாதவாறு பெட்டியின் வாய் ஒடுங்கியிருத்தல் நன்று. கூடி நின்று பேசவிடலாகாது. சிறுவர் கூட்டமாய்ச் சென்றால் முன்னே செல்பவன் இட்ட பெட்டியிலேயே எல்லாத் துண்டுகளும் விழும்.

மார்கழி, தை மாதங்களில் பெரும்போக நெல் மட்டம் வெடித்துக் குடலைப் பருவத்தை அடையும் காலமே இச்சோதனைக்கு மிகப் பொருத்தமானது. காலிற் புண்ணோ கீறலோ உள்ள பிள்ளைகளைச் சேற்றில் இறங்கவிடலாகாது. எலிகளின் சிறுநீர் வழியாக நீரிற் பரவும் எலிக்காய்ச்சல் புண்களின் ஊடாகவே பெரும்பாலும் உடலிற் புகும். அத்தகையோர் வரம்பில் நின்றே விடை கூறலாம். இதனையே ஒரு வினாவாகவும் வைக்கலாம்: எலிக்காய்ச்சலைத் தருவது வைரசா, பற்றீரியாவா, பங்கசா? பற்றீரியாவே அது.

வித்தைப் பற்றிய வினா

வித்து முளைப்பதற்கு நீர், ஒட்சிசன், தகுந்த வெப்பநிலை ஆகிய மூன்றும் வேண்டும் என ஏழாந் தரத்து மாணவனும் கூறுவான். அவ்வாறாயின் ஒட்சிசன் இல்லாத நீரில் விதைநெல் முளைக்குமா என்று கேட்டால், முளையாது என்பதே அவன் விடை. அவ்விடையைச் சோதிக்க, நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஒரு சிறு போத்தலில் நிரப்பி, ஊறிய நெல் சிலவற்றையும் ஊறிய கௌபீ வித்துக்கள் சிலவற்றையும் இட்டு, மேலே சிறிது எண்ணெய் ஊற்றி வைக்கவேண்டும். கொதித்தலால் நீரிற் கரைந்த காற்று வெளியேறும். எண்ணெய் புதிய காற்றை உள்ளே விடாது. இன்னொரு பகுதி நெல்லை ஈரத்துணியில் வைக்கவேண்டும். நான்கைந்து நாட்களின் பின் பார்த்தால் கௌபீ அழுகியிருக்கும். நெல்லோ மெலிந்து நீண்ட ஒரு வெள்ளை முளையை விட்டிருக்கும். ஆனால் வேர் இராது. ஈரத்துணியிலுள்ள நெல்லில் வேரும் முளையும் இரண்டும் இருக்கும்.

நீருள் அகப்பட்ட நெல் தன் முளைத்தண்டை மூடிய உறையை மாத்திரம் நீட்டி, காற்றுள்ள இடத்தைத் தேடுகின்றது. காற்றை அடைந்த பின்னரே வேர் வளரும். புத்தகத்திலுள்ள விதி பிழையன்று. நெல் அவ்விதியிற் சிறிது விலகி நிற்கும் பயிர் என்பதே உண்மை. விதைநெல்லை 24 மணித்தியாலம் ஊறவைத்தபின் நீரை வடித்து, 48 மணித்தியாலம் சாக்கில் மூடி முளைகட்டுவது ஏன் என்பதும், விதைத்த வயலில் நீர் தேங்கிய பள்ளங்களிற் பயிர் வேரூன்றாது மிதப்பது ஏன் என்பதும் இப்போத்தலைக் கண்ட பிள்ளைக்கு விளங்கும். விதைப்பின் பின் வடிகான் எடுக்கத் தகப்பன் அழைக்கும்போது அவன் மறுக்கமாட்டான் என எதிர்பார்க்கலாம்.

இவ்விடத்தில் முளைதிறனைக் கணிக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். குவியலின் பல இடங்களிலிருந்து எடுத்த நெல்லைக் கலந்து, அதில் நூறு மணிகளைத் தெரியாமல் எண்ணி எடுத்து, ஈரச்சாக்கில் வரிசையாய்ப் பரப்பிச் சுருட்டி வைத்து, ஏழாம் நாள் எண்ணவேண்டும். வேரும் முளையும் நேராய் வந்தவற்றையே எண்ணிக்கையிற் சேர்க்கவேண்டும். அத்தாட்சிப்படுத்திய விதைநெல்லில் நூற்றுக்கு 85 ஆவது முளைக்கவேண்டும். வீட்டு நெல்லில் 60 மாத்திரம் முளைத்தால், ஏக்கருக்கு இரண்டு புசல் விதைத்தும் உயிருள்ள விதை 1.2 புசலே ஆகும். 85 சதவீதம் முளைக்கும் விதையில் இரண்டு புசல் தரும் பயிரைப் பெற, இவ்விதையில் ஏறத்தாழ 2.8 புசல் வேண்டும். கணக்கு இவ்வாறு சொன்னாலும், நூற்றுக்கு நாற்பது இறந்த குவியலில் எஞ்சிய அறுபதும் வலுவிழந்தவையாதலால் விதையை மாற்றுவதே மேல். புதிதாய் அறுவடை செய்த நெல் முளையாதுவிடின் அது இறந்ததெனக் கருதலாகாது. அது உறங்குநிலையில் இருக்கலாம்; சில வாரங்களின் பின் மீண்டும் சோதிக்கவேண்டும். இறப்புக்கும் உறக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத மாணவர் பலர்.

வேரும் இலையும்

நெற்பயிர் ஒன்றை மண்ணோடு கிளப்பிக் கழுவி வைத்து, இவ்வேர் நலமுடையதா எனக் கேட்கலாம். செங்கபில நிறம் பூசிய வேரைக் கண்டு நோய் என்பர் மாணவர். உண்மையில் அது நல்ல வேரே. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உள. இலையிலிருந்து அவற்றின் வழியே இறங்கும் ஒட்சிசன் வேரின் புறத்தே கசிந்து, சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கி வேரின்மேற் படியச் செய்கின்றது. கறுத்து, அழுகிய முட்டையின் மணம் வீசும் வேரே நோயுற்ற வேர். அத்தகைய வயலில் நீரை வடித்துச் சில நாட்கள் காயவிடுவதே முதல் மருந்து.

இலையிற் செய்யத்தக்க சோதனை பொறுமையை வேண்டுவது. கதிர் வெளிவந்த நாளில் ஒரே அளவான இருபது மட்டங்களைத் தெரிந்து, பத்தில் கதிருக்கு அடுத்த கொடியிலையை வெட்டிவிட்டு, மற்றப் பத்தையும் நூல் கட்டி அடையாளமிட்டு விடவேண்டும். அறுவடையில் இரு பகுதியின் மணிகளையும் உலர்த்தி நிறுத்தால், மணியை நிரப்பும் மாப்பொருள் பெரும்பாலும் எங்கே உண்டாகின்றது என்பது தெரியும். இதைப் போலவே பயிர் முளைத்து மூன்றாவது வாரத்தில் சில செடிகளின் இலைகளிற் காற்பங்கைக் கத்தரித்துப் பார்க்கலாம். அவை விரைவிற் புதிய இலை விட்டு மற்றவற்றோடு சமமாகும். இளம் பயிரின் இலையைப் புழு கடித்ததும் மருந்துக்கு ஓடுபவர்க்கு இவ்விரு பரிசோதனைகளும் ஒருங்கே வேண்டும்: இளமையில் இழந்த இலையைப் பயிர் ஈடுசெய்யும், கதிர்ப் பருவத்தில் இழந்த கொடியிலையை ஈடுசெய்யாது.

மாப்பொருளை அயடீனாற் காட்டும் பாடசாலைப் பரிசோதனைக்கு நெல்லிலை ஏற்றதன்று. நெல் தன் இலையில் மாப்பொருளைச் சிறிதளவே சேமிக்கும். மரவள்ளி இலை அல்லது செவ்வரத்தை இலை நல்ல பயனைத் தரும்.

பூவைப் பற்றி இரு கேள்விகள்

நெற்பூ பெரும்பாலும் முற்பகல் ஒன்பது மணி தொடக்கம் பதினொரு மணி வரையில் விரியும். விரிந்த பூ சிறிது நேரத்தில் மீண்டும் மூடிக்கொள்ளும். தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டுவதால் நெல்லுக்குத் தேனீ வேண்டியதில்லை. அயற் பூவின் மகரந்தம் சேர்வது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆகையால் பீஜீ 352 போன்ற இனத்தை விதைத்தவர், கலப்பு மணிகளையும் புறவினச் செடிகளையும் நீக்கி வந்தால் தம் விதையைத் தாமே சில போகங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். கலப்பினச் சோளத்திலோ கலப்பின மிளகாயிலோ அவ்வாறு செய்தால், அடுத்த தலைமுறையிற் செடிகள் பலவாறாய்ப் பிரியும். 1866 இல் மெண்டல் பட்டாணிச் செடியைக்கொண்டு வெளியிட்ட பிரிகை விதியே இங்கு வேலை செய்கின்றது. 3 : 1 என்ற விகிதத்தை மனனஞ் செய்த மாணவனிடம், "கடையில் வாங்கிய கலப்பின விதையில் விளைந்த பழத்திலிருந்து வித்தெடுத்து விதைக்கலாமா?" என்று கேட்பதே அவ்விதியைச் சோதிக்கும் நேரான வழி.

பூசணியின் கேள்வி வேறு. கொடியில் ஓர் ஆண்பூவையும் ஒரு பெண்பூவையும் காட்டி, எது காயாகும் எனக் கேட்கவேண்டும். இதழின் கீழே சிறு காய்போன்ற சூலகமுள்ளதே பெண்பூ. இதனைப் பெரும்பாலோர் கண்டுபிடிப்பர். அடுத்து, மஞ்சளாகி விழுந்த பிஞ்சுகளை வைத்து, இவை ஏன் விழுந்தன எனக் கேட்டால், பசளை போதாது, புழு குத்தியது, வெயில் மிகுந்தது என விடைகள் வரும். பிஞ்சை வெட்டிப் பார்த்துப் புழு இல்லையாயின், மகரந்தம் சேராமையே பெரும்பாலும் காரணமாகும். பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்கு முன் வாடிவிடும். அந்நேரத்தில் தேனீக்கள் வாராவிடின், அல்லது அந்நேரத்திற் பூச்சிநாசினி தெளித்து அவை இறந்திருப்பின், காய் இல்லை. காலையில் ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கிப் பெண்பூவின் குறியில் தடவிவிட்டு, அப்பூவுக்கு நூல் கட்டி வைத்தால், ஒரு வாரத்தில் மாணவன் தன் விடையைத் தானே திருத்திக்கொள்வான்.

நண்பனா, பகைவனா

பெட்டிச் சோதனையின் நடுப்பகுதி இதுவே. இங்கு மூன்று பெட்டிகளுக்கும் "பயிருக்கு நண்பன்", "பயிருக்குப் பகைவன்", "இரண்டுமன்று" என எழுதிவிட்டு, ஐந்தாறு உயிர்களை வரிசையாக வைக்கவேண்டும்.

தும்பியும் சிலந்தியும் எளியவை. சிலந்தியை நண்பன் என்று சொன்னபின், அது பூச்சியா என்று தனியாகக் கேட்கவேண்டும். எட்டுக் கால்கள் உள்ளமையால் அது பூச்சியன்று. பொறிவண்டில் இரண்டு வகைகளை அருகருகே வைத்தல் வேண்டும். செடிப்பேன்களைத் தின்னும் வண்டின் முதுகு எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். கத்தரி, பாகல் இலைகளை அரித்து வலைபோலாக்கும் வண்டின் முதுகு மென்மயிர் மூடி மங்கலாயிருக்கும். அதன் குடம்பி மஞ்சள் நிறமாய் முட்கள் கொண்டது. வடிவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் ஒன்றாய் எண்ணிக் கொல்பவரும் உளர், இரண்டையும் ஒன்றாய் எண்ணிக் காப்பவரும் உளர்.

இனி, நெல்லின் அடித்தூரை விரலால் விலக்கிக் காட்டி, அங்குள்ள கபிலநிறத் தத்தியின் அணங்குகளை இனங்காணச் செய்யவேண்டும். தத்தி குறையுருமாற்றமுடையது, முட்டையிலிருந்து வெளிவரும் அணங்கு சிறகில்லாச் சிறு தத்தியே, கூட்டுப்புழுப் பருவம் அதற்கில்லை. தண்டு துளைக்கும் புழுவோ முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, அந்து என்ற நான்கு பருவங்களையும் உடையது. இவ்வேறுபாடு பரீட்சையில் ஒரு புள்ளிக்கு உரியது. வயலில் அதன் பெறுமதி அதிகம்: அந்து பயிரைத் தின்பதில்லை, குடம்பியே தின்னும், தத்தியிலோ அணங்கும் நிறைவுடலியும் இரண்டும் சாற்றை உறிஞ்சும்.

தத்தி தன் முட்டைகளை இலைமடலின் இழையத்தினுள்ளே செருகி இடும். தெளித்த மருந்து அங்கு எட்டுவது அரிது. ஆனால் பச்சை நிறமான, மெல்லிய, தத்தியிலும் சிறிது ஒடுங்கிய ஒரு மூட்டுப்பூச்சி அங்கு சென்று முட்டைகளைக் குத்தி உறிஞ்சிவிடும். வலை கட்டாது ஓடி வேட்டையாடும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று, நாளொன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து இரைகளைத் தின்னும். வயலிற் பரந்த அளவிற் கொல்லும் மருந்தைத் தெளித்தால் நிகழ்வது யாது என மாணவனிடம் கேட்கவேண்டும். சிலந்தி சாகும், பச்சை மூட்டுப்பூச்சி சாகும், தத்திகளிற் பெரும்பகுதியும் சாகும். மடலினுள் முட்டை மாத்திரம் தப்பியிருக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அம்முட்டைகள் பொரிக்கும்போது வயலில் அணங்கைத் தின்ன யாருமில்லை. ஒரு மாதத்துக்குக் குறைந்த காலத்தில் அவை வளர்ந்து, ஒவ்வொரு பெண்ணும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பயிர் வட்டவட்டமாய்க் கருகத் தொடங்கும். உணவுச் சங்கிலியைப் பற்றி இதனிலும் நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் இப்பாடத்துக்கு ஏக்கர்க்கணக்கில் நெல்லைக் கட்டணமாய்ச் செலுத்தவேண்டியிருக்கும்.

செலவின்றிக் கற்க ஒரு வழி உண்டு. இரு போத்தல்களில் நீருடன் ஒவ்வொரு நெற்செடியை நட்டு, மெல்லிய துணியால் மூடி, இரண்டிலும் இருபது தத்திகளை விடவேண்டும். ஒன்றில் மாத்திரம் ஒரு சிலந்தியைச் சேர்க்கவேண்டும். மறுநாள் இரண்டிலும் எஞ்சியவற்றை மாணவரே எண்ணட்டும். சிலந்தியில்லாப் போத்தல் எதற்கு என்று வினவும் மாணவனுக்குக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்ற சொல் பாடமாயிருக்கும். அதன் பொருளை அன்றே அறிவான்.

தத்தியின் அளவு கூடிய வயலில் மருந்தே வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. எண்ணிப் பார்த்து, நண்பர் எத்தனை பகைவர் எத்தனை எனக் கண்டு, விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தீர்மானிக்கவேண்டும் என்பதே.

தோட்டத்தில்

மரக்கறித் தோட்டத்துக்குரிய வினாக்களை அந்தந்த இடத்துக்கு ஏற்பத் தெரியலாம். சில இங்கு தரப்படுகின்றன.

மண்ணில் ஈரமிருக்க வாடிநிற்கும் தக்காளி அல்லது கத்தரிச் செடி ஒன்றின் அடித்தண்டை வெட்டி, வெட்டுமுகம் நீரில் தொடுமாறு தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிடவேண்டும். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணூல் இறங்கினால், நீரைக் கொண்டுசெல்லும் காழ்க் கலன்களைப் பற்றீரியா அடைத்துள்ளது. அவ்வாறாயின் பங்கசுநாசினிக்குச் செலவிடும் பணம் வீண். செடியை வேரோடு பிடுங்கி அழித்து, அம்மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு என்னும் ஒரே குடும்பப் பயிர்களைத் தொடர்ந்து நடாதிருத்தலே வழி. இந்நான்கும் ஒரே குடும்பத்தவை என அறிதலும் பாகுபாட்டியல் என்ற பாடத்தின் ஒரு பயனாகும்.

கௌபீச் செடியின் வேரில் உருண்டைகள், தக்காளியின் வேரில் உருண்டைகள். இரண்டையும் வைத்து எது நல்லது என்று கேட்கவேண்டும். கௌபீயின் சிறுகணு விரலால் உரசினால் எளிதில் உதிரும். நகத்தாற் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாய் இருக்கும். அங்குள்ள பற்றீரியாக்கள் காற்றின் நைதரசனைப் பயிருக்குரிய உணவாக்குகின்றன. உள்ளே வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அவை வேலைசெய்யவில்லை. தக்காளியின் உருண்டை உதிராது; அது வேரே வீங்கியது; வட்டப்புழுவின் வேலை. இரண்டையும் கண்டு இரண்டும் நோய் என்பார் பலர்.

மிளகாய்ச் செடியின் இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பனிப்பூச்சியையும், கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் சிற்றுண்ணியையும் கைவில்லை கொண்டு தேடவேண்டும். சிற்றுண்ணி சிலந்தியின் இனத்தைச் சேர்ந்தது. பூச்சியைக் கொல்லும் மருந்துகள் பலவற்றால் அது சாவதில்லை. எட்டுக் கால்களைப் பற்றிய வினா இங்கே பணத்தோடு தொடர்புறுகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கற்கும் பிள்ளைகளுக்குப் பிரசாரணத்தைப் பற்றிய வினா அவசியமானது. அங்கு சுண்ணக்கற் பாறையில் மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணற்றில் உவர் ஏறும். அந்நீரை இறைத்த தோட்டத்தில், ஈரமிருந்தும் நாற்று வாடும். கத்தரிக்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் நீர் கசிவதை வீட்டிற் கண்ட பிள்ளை, வேரிலும் அதுவே நிகழ்கின்றது எனச் சொல்லவேண்டும். நாற்றின் தண்டோடு ஒட்டி யூரியாவை இட்டபின் அது கருகுவதற்கும் இதுவே விளக்கம்.

புள்ளியிடல்

மூன்று பெட்டிகளுள்ள பன்னிரண்டு வினாக்களில், ஒன்றும் அறியாதவனுக்கும் சராசரியாக நான்கு சரியாய் அமையும். ஆகையால் ஐந்து புள்ளிகள் பெற்றவன் சிறிது அறிந்தவன் என எண்ணிவிடலாகாது. பெட்டிகளைத் திறந்து எண்ணியபின், எல்லோரும் கூடி மீண்டும் ஒவ்வொரு தடிக்கும் சென்று, விடையைக் கூறாது, "இதனை எவ்வாறு அறிந்தாய்?" என்று கேட்கவேண்டும். சரியான பெட்டியிற் பிழையான காரணத்தால் இட்டவனும், பிழையான பெட்டியில் நல்ல காரணத்தோடு இட்டவனும் அப்போது வெளிப்படுவர். பின்னவனே விரைவிற் கற்பான். மாணவர் பெரும்பாலோர் தவறிய வினாக்களைத் தனியே குறித்துவைப்பது ஆசிரியருக்கு உதவும். ஒருவன் தவறினால் அது அவனுடைய குறை. இருபதின்மர் தவறினால் போதனையில் அப்பகுதி விடுபட்டுள்ளது.

பெற்றோரும் மாணவரோடு இச்சோதனையில் நிற்றல் விரும்பத்தக்கது. பூச்சியை இனங்காண்பதிற் பிள்ளையும், வேரையும் மண்ணையும் அறிவதில் தந்தையும் முந்துவது சாதாரணமாய்க் காணப்படும். தாய்மார் நாற்றுமேடையிலும் களையிலும் இருவரையும் விஞ்சுவர். பிள்ளை சொல்லும் கலைச்சொல்லுக்குப் பெரியவர் வழங்கும் ஊர்ச்சொல்லையும் அதே மட்டையில் எழுதிவைக்கலாம். அறக்கொட்டி என்று கிழக்கிற் சொல்லப்படுவதும் கபிலநிறத் தத்தியும் ஒன்றே என அறியாமல், இரு மருந்துகளை வாங்குவோர் உண்டு.

சோதனைக்குரிய தடிகளையும் மட்டைகளையும் மழையில் நனையாது எடுத்துவைத்தால், அறுவடைக்கு முன் அதே வினாக்களை இடம் மாற்றி நட்டு மீண்டும் நடத்தலாம். கொடியிலை வெட்டிய பத்து மட்டங்களின் கதிர்களையும், வெட்டாத பத்தின் கதிர்களையும் வேறுவேறு பையிலிட்டுப் பெயரெழுதி, சூடு மிதிக்குமுன் நிறுக்கவேண்டும். சூட்டோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்க முடியாது.